ஜூலை மாதத்துப் பக்கம்

1

இந்த ஆனி மாதத்தோடு நான் திருவனந்தபுரத்துக்கு வந்து பதினெட்டு வருடம் முடிகிறது. கோவில்பட்டியில் இருக்கும் என் தங்கையிடம் போனில் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டாள். "ஏதோ கனடாவுல கெடக்குத மாதிரில்லா சொல்லுத. காலையில ரயில் ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரலாம்."

அவள் சொல்வது சரிதான். கடல் தாண்டிப் போனவர்களுக்குப் பாஸ்போர்ட் உண்டு, விசா உண்டு, ஊருக்கு வரும் தேதி உண்டு. மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி வந்தவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. நாங்கள் வெளியே இருக்கிறோம் என்பதே ஊரில் பலருக்கு நினைவில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த வருடம் ஊர் திரும்ப எனக்கு ஒரு வழி திறந்தது. அந்த வழியில் போவதற்காக நான் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்லாமல் பதினெட்டு வருடத்தைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் பொய்யாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் கணேசன் கல்யாணத்துக்கு முன்பே சாலை பஜாரில் ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில் பெயிண்ட் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றும் அதே கடை, அதே பகுதி. வலியசாலையில் கோவிலுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு வாடகைக்குக் கிடைத்தது. நான் வந்த வாரம் மழை பிடித்தது. ஏழு நாள் துணி காயவில்லை. எட்டாம் நாள் ஈர வாடை அடிக்கும் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். எங்கள் கரிசல் காட்டில் வெயிலைப் பற்றி யாரும் பேசவே மாட்டார்கள், அது பாட்டுக்கு இருக்கும். இங்கே வந்துதான் வெயில் வருமா வராதா என்று வானத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். பிற்பாடு அதுவே என் வேலையாகவும் ஆனது.

2

எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டுப் பத்து வருடம் வீட்டில் இருந்தேன். மகள் அபிராமி கொஞ்சம் வளர்ந்த பிறகு, நகருக்கு வெளியே இருக்கும் ஒரு சிறிய சூரியசக்தி நிறுவனத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. புதிய வகைத் தகடுகள் ஒரு கூரையில் ஒரு வருடத்துக்கு எவ்வளவு மின்சாரம் தரும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்புக் கடிதம் தருவார்கள். சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி அலுவலக அலமாரியில் பூட்டி வைத்தார்கள். "இவிடே எல்லாரும் கொடுக்கும்" என்றார்கள். நானும் கொடுத்தேன். பத்து வருடம் வீட்டில் இருந்தவளுக்குக் கேள்வி கேட்கும் தைரியம் வரவில்லை.

அந்தத் தகட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. அதற்கு இரண்டு அடுக்கு, இரண்டு முகம். மேல் அடுக்கு ஒளியின் நீலம், பச்சைப் பகுதிகளை எடுத்துக்கொள்ளும். அதைத் தாண்டி வரும் சிவப்பையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் கீழ் அடுக்கு எடுத்துக்கொள்ளும். தகட்டின் முதுகும் கண்ணாடிதான். தரையில் பட்டுத் திரும்பும் ஒளி முதுகு வழியாக நுழைந்து கீழ் அடுக்குக்கு மட்டும் போய்ச் சேரும். இரண்டு அடுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருப்பதால், குறைவாகத் தரும் அடுக்கு எதுவோ அதுதான் மொத்த மின்னோட்டத்தையும் தீர்மானிக்கும். இரண்டு பேர் சேர்ந்து பீரோ தூக்கினால் மெதுவாக நடக்கிறவரின் வேகம்தானே பீரோவின் வேகம்.

மழை மாதங்களில் இங்கே காற்றில் அவ்வளவு ஈரம். அகச்சிவப்பில் நல்ல பங்கை அந்த ஈரமே குடித்துவிடும். கீழ் அடுக்கு பட்டினி கிடக்கும். "அதனாலென்ன, முதுகுப் பக்கம் வரும் ஒளி அதை ஈடுகட்டும்" என்கிறது நிறுவனத்தின் விளம்பரத் தாள். கூரைக்கு வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தால் அது உண்மைதான்.

அலுவலக மொட்டைமாடியில் நான் ஒரு வருடம் அளந்தேன். ஒளிமானியைத் தலைகீழாகக் கட்டி, தரையிலிருந்து எவ்வளவு ஒளி திரும்புகிறது என்று தினமும் குறித்தேன். மார்ச்சில் கண் கூசியது. ஜூன் பாதியில் தரை சாம்பல் ஆனது. ஜூலையில் கரும்பாசி படர்ந்து, நனைந்த தார்ச்சாலை மாதிரி கிடந்தது. விருந்தினர் வரும் நாட்களில் ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். ஆக, கீழ் அடுக்குக்கு முதுகு ஒளி மிகவும் தேவைப்படும் அதே மாதங்களில்தான் தரை கறுத்துப்போகிறது.

வீட்டில் இதைச் சொன்னபோது கணேசன் சாப்பிட்டுக்கொண்டே, "இதுக்கா ஒரு வருசம் அளந்த? என்கிட்ட கேட்டிருந்தா ஒரு நிமிசத்துல சொல்லியிருப்பேன்" என்றார்.

"பாசி பிடிக்காத பெயிண்ட்டுன்னு ஒண்ணு விக்கீங்களே, அது?"

"ரெண்டு மழைக்கு நிக்கும். அது நின்னுட்டா ஓணத்துக்கு முன்னால மறுபடி பெயிண்ட் வாங்க என் கடைக்கு யாரு வரப்போறா?"

3

போன வருடக் கடைசியில் கடற்கரை கிராமம் ஒன்றில் மீன்காரப் பெண்கள் சேர்ந்து நடத்தும் குளிர் அறைக்குத் தகடு போடும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. முப்பது பேர் கொண்ட குழு. தலைவி செலின் சேச்சி. ஐம்பது வயதைத் தாண்டியவர், இருபது வயதிலிருந்து மீன் கூடை சுமந்தவர். அந்தக் கடற்கரையின் பேச்சில் தமிழும் மலையாளமும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கும். எனக்கு நகரத்து மலையாளத்தைவிட அது காதுக்கு நெருக்கம்.

கூரையை அளக்கப் போன அன்று சேச்சி கேட்டார்: "மோளே, இதுக்கு ஆராணு உத்தரவாதி?"

"இருபத்தஞ்சு வருஷம், சேச்சி" என்றேன்.

சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். "இருபத்தஞ்சு வருஷம்னு ஒரு ஆளுண்டோ?" என்றார் சேச்சி. தமிழில் உத்தரவாதம் என்றால் கியாரண்டி. மலையாளத்தில் உத்தரவாதி என்றால் பொறுப்பாளி. நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று அவர் கேட்டிருக்கிறார். பதினெட்டு வருடத்துக்குப் பிறகும் இப்படித்தான். வழுக்கும் இடம் எப்போதும் தெரிந்த சொல்லாகத்தான் இருக்கும்.

அவர்கள் திட்டம் எளிமையானது. விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் மழை மாதங்களில் சிறு வள்ளங்கள்தான் கடலுக்குப் போகும். அப்போதுதான் அவர்களுக்கு மீனும் உண்டு, விலையும் உண்டு. அந்த மீனை ஐஸ் கம்பெனியை நம்பாமல் சொந்தக் குளிர் அறையில் வைக்க வேண்டும். தகடு வந்து அறை ஓடுவதைப் பார்த்துவிட்டு, மழைக்கு முன் ஐஸ் கம்பெனியோடு இருக்கும் ஏற்பாட்டை நிறுத்திவிடுவதாகச் சொன்னார்கள்.

நான் அறிக்கை எழுதினேன். வருட மொத்தம் நன்றாகவே வந்தது. மாதவாரியாகப் போட்ட பக்கத்தில் ஜூனும் ஜூலையும் பள்ளமாக விழுந்தன. அந்த இரண்டு மாதமும் அறை குளிராது. செத்த மீன் ஒரு பகல்கூடத் தாங்காது.

எங்கள் மேலாளர் ஹரி சார் அறிக்கையைப் புரட்டிவிட்டு அந்தப் பக்கத்தில் நின்றார். கெட்ட மனிதர் இல்லை. அபிக்கு டெங்கு வந்தபோது தன் காரைக் கொடுத்தவர்.

"செல்வி, ஈ பேஜ் வேண்டா. வருஷத்து மொத்தம் மதி. அதல்லே அவர் சோதிச்சது?"

"ஜூலைல அறை ஓடாது சார்."

"வருஷத்து நம்பர் தெற்றாணோ?"

"இல்ல சார், அது சரிதான்."

"பின்னே? தெற்றொந்நும் எழுதான் ஞான் பறஞ்சில்லல்லோ. ஒரு பேஜ் குறைக்கணும், அத்ரேயுள்ளூ."

தப்பாக எதையும் எழுதச் சொல்லவில்லை, ஒரு பக்கத்தைக் குறைத்து வருட மொத்தத்தை மட்டும் கொடுக்கச் சொன்னார். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. வருட மொத்தம் சரி. அதைத்தான் கேட்டார்கள் என்பதும் சரி.

4

அந்த வாரம்தான் தங்கை ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தாள். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் சூரியசக்தி ஆய்வகம். நிரந்தர வேலை. அன்றே விண்ணப்பித்தேன், சில நாளில் நேர்காணலுக்கு அழைப்பும் வந்துவிட்டது. அதன் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: அசல் சான்றிதழ்கள் இல்லாதவர்கள் அனுமதிக்கப்பட மாட்டார்கள்.

கணேசனிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "அங்க போயி நான் யாரு கடையில நிக்க?" என்றார். பிறகு, "நீ போயிட்டு வா. கிடைச்சா பாப்போம்" என்றார்.

அபி பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ. நான் தமிழில் பேசினால் அவள் மலையாளத்தில் பதில் சொல்வாள், எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது. "அம்மே, ஞான் வரில்லா" என்றாள், தலையைக்கூட நிமிர்த்தாமல். "எனிக்கு அவிடே ஒந்நும் வாயிக்கான் போலும் அறியில்லா." அங்கே ஒரு பஸ் பலகையைக்கூட அவளால் படிக்க முடியாது. தமிழ் எழுத்து கற்றுக்கொடுக்க மூன்று விடுமுறைகளில் முயன்றேன். மூன்றிலும் மெய்யெழுத்தோடு நின்றது.

கல்லூரிச் சேர்க்கைக்காக அவளுக்கு நேட்டிவிட்டி சான்றிதழ், அதாவது இந்த மாநிலத்தவள் என்ற சான்று, வாங்க அலைந்ததும் அந்த மாதம்தான். பிரசவத்துக்கு நான் கோவில்பட்டிக்குப் போனதால் அவள் அங்கே பிறந்தாள். இங்கே வில்லேஜ் ஆபீசில், "ஜனிச்சது தமிழ்நாட்டிலல்லே? அவிடே சோதிக்கூ" என்றார்கள். அங்கே தாலுகா ஆபீசில், "படிச்சதெல்லாம் கேரளாவுலல்லா? அங்க கேளுங்கம்மா" என்றார்கள். ரேஷன் கார்டு, ஸ்கூல் கடிதம், வீட்டுக்காரர் ஒப்பம் என்று பை நிறையத் தாள்களோடு நான்கு முறை போனேன். நான்காவது முறை அதிகாரி விடுப்பில் இருந்தார்.

இத்தனைக்கும் நடுவில் ஹரி சாரிடம் சான்றிதழ்களைக் கேட்டேன். எதற்கென்று சொல்லவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும்.

"தராமல்லோ" என்றார் சாதாரணமாக, தருவதற்கென்ன என்பது போல. "ஆ ரிப்போர்ட் தீர்த்திட்டு வாங்கிச்சோ." அந்த அறிக்கையை முடித்துக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

மூன்று நாள் அந்தக் கோப்பைத் திறந்து திறந்து மூடினேன். நான்காம் நாள் காலையில் மாதவாரிப் பக்கத்தை எடுத்தேன். பக்க எண்கள் தாமாகவே மாறிக்கொண்டன. கடைசியில் கையெழுத்துப் போட்டேன். அரை மணி நேரத்தில் அலமாரி திறந்தது. என் எம்.எஸ்சி. சான்றிதழின் ஓரத்தில் ஈரத்தில் பழுப்பு ஏறியிருந்தது.

5

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் அன்பாகத்தான் பேசினார். இரண்டு அடுக்குத் தகட்டைப் பற்றிக் கேட்டார். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். பாதியில் அவர் சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினார்.

"அம்மா கேரளாவா?"

"இல்ல சார், கோவில்பட்டி. பக்கத்துலதான்."

"பேச்சு அப்படித் தெரியலையே. 'பின்னே', 'பின்னே'ன்னு சொல்றீங்க."

மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டேன். அதனால் தெரியாதவள் மாதிரித் தடுமாறினேன். வேலை வேறொருவருக்குப் போனது. அவர் என்னைவிடத் தகுதியானவராகவே இருக்கலாம். பேச்சுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பிறந்த மண்ணில் என்னை எந்த ஊர் என்று கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் எழுத்தர் வந்து நின்றார். "சேச்சி, ஆ ஒரிஜினல்ஸ்?" கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அலமாரி மறுபடி பூட்டப்பட்டது.

ஏப்ரலில் கடற்கரையில் தகடு ஏற்றினார்கள். புகைப்படத்தில் செலின் சேச்சி வெள்ளைக் கூரையின் மேல் கண்களைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அந்தப் படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன், பிறகு கணினியை அணைத்துவிட்டேன். மே மாதம் முழுக்க எனக்கு ஒழுங்காகச் சாப்பாடு இறங்கவில்லை. கணேசன் கேட்டார், சொல்லவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அபியிடம்தான் சொன்னேன். ஏனென்றால் எனக்கு அவள் உதவி வேண்டியிருந்தது. மலையாளம் எனக்குப் பேச வரும், எழுத வராது. அந்தப் பெண்கள் படிக்கும்படி ஒரு தாள் வேண்டும்.

அபி முழுவதையும் கேட்டாள். "ஒப்பிட்டது அம்மயாணோ?"

"ஆமா, கையெழுத்து என்னுதுதான்."

"ஜோலி போகுமோ?"

"வேலை போகுமான்னு தெரியல."

தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கோடு போட்டு, பன்னிரண்டு மாதத்தையும் அவளுடைய குண்டு குண்டான மலையாள எழுத்தில் எழுதினாள். ஜூன், ஜூலைக்கு நேரே என்ன எழுத என்று கேட்டாள். "அறை குளிராது. ஐஸ் வேணும்" என்றேன். அப்படியே எழுதிவிட்டு, தானும் வருவதாக, "ஞானும் வராம்" என்றாள்.

செலின் சேச்சி வலை உலர்த்தும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் முகம் மாறியதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"இது அன்னைக்கே நினக்குத் தெரியுமோ?"

"தெரியும் சேச்சி."

"தெரிஞ்சிட்டு ஒப்பு போட்டே."

"போட்டேன்."

"எந்தினு?"

எதற்கு என்று கேட்டவரிடம் சான்றிதழ், நேர்காணல், அலமாரி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, எனக்கே அவை சின்னதாகிக்கொண்டு வந்தன. அவர் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நினக்கு ஊருக்குப் போணும். சரி" என்றார் கடைசியில். "நாங்க எங்கோட்டுப் போகும்? முப்பது பெண்ணுங்க. நாளைக்கு ஐஸ் காரனைக் கூப்பிட்டு இனி வேண்டான்னு பறயானிருந்தோம், அறியுமோ?"

அபி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிறு பிள்ளையாக இருந்தபோது பிடித்தது, அதற்குப் பிறகு அன்றுதான்.

சேச்சி எழுந்து மற்றப் பெண்களைக் கூப்பிட்டார். தாள் கை மாறிக் கை மாறிப் போனது. ஒருத்தி என்னைத் திட்டினாள். இன்னொருத்தி, தகட்டைக் கழற்றிக் கம்பெனி வாசலில் போட வேண்டும் என்றாள். ஒரு மணி நேரம் கத்திப் பேசி, மழை இரண்டு மாதத்துக்கும் ஐஸ் ஏற்பாட்டை விடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். கம்பெனிக்கும் ஒரு கடிதம் எழுத முடிவானது. நாங்கள் கிளம்பும்போது சேச்சி அபியிடம் மட்டும், "எழுத்து நல்லா இருக்கு, மோளே" என்றார்.

6

கடிதம் ஹரி சாருக்குப் போனது. அவர் என்னைக் கூப்பிட்டுக் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"என்னோடு பறயாமாயிருந்நு" என்றார், தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்று.

"சொன்னேன் சார். அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னது நீங்கதான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலை போகும் என்று எண்ணினேன். போகவில்லை. இந்தக் கணிப்பைச் செய்ய அவர்களிடம் வேறு ஆள் இல்லை. எனக்கும் வேறு இடம் இல்லை. ஜூன் கடைசியில் நீட்டிப்புக் கடிதம் வந்தது. வழக்கமான ஆறு மாதம். கீழே புதிதாக ஒரு வரி: வாடிக்கையாளர்களோடு நேரடியாக எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. கையெழுத்துப் போட்டேன். அபியின் சேர்க்கைக்கு அலைய வேண்டியிருக்கிறது, நேட்டிவிட்டி இன்னும் வரவில்லை, கணேசனுக்கு இந்தக் கடையை விட்டால் வேறு உலகம் தெரியாது. காரணங்கள் எல்லாம் உண்மைதான். அவற்றுக்கு நடுவில் திரும்பிப் படுக்கக்கூட இடமில்லை என்பதும் உண்மைதான்.

தங்கை மறுபடி கூப்பிட்டிருந்தாள். ஆடிக்கு வரச் சொன்னாள். வருகிறேன் என்றேன். வர மாட்டேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இப்போது ஜூலை. பத்து நாளாக விடாத மழை. கடற்கரைக் கூரையில் பாசி பிடித்துவிட்டதாம். அறை பாதிகூடக் குளிரவில்லையாம். நான் எடுத்துப் போட்ட பக்கத்தில் என்ன இருந்ததோ அதுதான் நடக்கிறது. சரியாகக் கணித்தேன் என்ற மகிழ்ச்சி எனக்கு ஒரு நிமிடம்கூட வரவில்லை. ஐஸ் இருப்பதால் மீன் கெடவில்லை என்பதைக் கேட்டபோது மட்டும் கொஞ்சம் மூச்சு வந்தது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், செலின் சேச்சி கூப்பிடுகிறார். முதல் முறை கூப்பிட்டபோது திட்டத்தான் என்று நினைத்தேன். "நாளைக்கு எத்தர வரும்னு பறையாமோ? அதுக்குத் தக்க ஐஸ் வாங்கணும்" என்றார். சொன்னேன். மறுநாள் மீட்டரில் வந்ததைப் படித்துக் காட்டினார். கொஞ்சம் தப்பியிருந்தது. அதை வைத்து என் கணிப்பைத் திருத்தினேன். அதற்குப் பிறகு தினமும் காலை பதினொன்றுக்குக் கூப்பிடுகிறார். நலமா என்று கேட்பதில்லை. என்னை அவர் மன்னித்துவிட்டதாகவும் தெரியவில்லை. அளவைச் சொல்வார், அளவைக் கேட்பார், வைத்துவிடுவார்.

இன்று கூப்பிட்டபோது ஹரி சார் என் மேசைக்கு எதிரே நின்றிருந்தார். போன் அதிர்ந்தது. திரையில் பெயர் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

நான் நாளைய எண்ணை எழுதி வைத்திருந்த தாளை எடுத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனேன்.